மேல்மாடியில் மௌன விரதம்

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை. செங்கம் ரோட்டில் நிற்கும் எந்த ஆட்டோக்காரரிடமும் “மிலிட்டரிக்காரர் வீடு” என்று சொன்னால் போதும், ஆசிரமம் தாண்டி இரண்டாவது சந்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். என் தாத்தா பர்மாவில் இருந்தவர். என் அப்பா சீனச் சண்டையில் பனி பிடித்துக் கால்விரல் இரண்டை விட்டுவிட்டு வந்தவர். நான், பலராமன், பதினெட்டு வருஷம் இருந்து ஹவில்தாராகத் திரும்பினேன். என் மகன் இளஞ்செழியன் இப்போது பட்டாளத்தில் நாயக். அழைப்பு வந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக வீட்டில் தங்கியவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரை பிறந்தபோது செழியன் நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். அவன் வந்த பத்தாம் நாள் வடக்கே சுற்றுலா வந்தவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்ற செய்தி டிவியில் வந்தது. அதன் பிறகு எந்தச் சேனலைத் திருப்பினாலும் போர் வரப்போகிறது என்பதுதான் பேச்சு. ஒரு மாலை செழியனின் போன் அடித்தது. லீவு ரத்து, உடனே வந்து சேரவும்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து அனுப்பினோம். அவன் அம்மா சரோஜா விபூதி பூசினாள். பக்கத்து வீட்டு அருணாதேவி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள். சகுனம் பார்த்து வர அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்துக்காரர்கள் பதினைந்து பேர் கூடி மாலை போட்டார்கள். செழியன் மாலையைக் கழற்றவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நானே பஸ் ஸ்டாண்டு வரை போய் வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். காட்பாடியில் மதியம் அவனுக்கு ரயில்.

ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை எங்கள் பக்கத்தில் வீட்டைக் கழுவ மாட்டார்கள். வீட்டுப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆள் வெளியேறியதும் கழுவுவது பிணம் எடுத்த வீட்டை மட்டும்தான். சரோஜா அன்று துடைப்பத்தைக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் பின்கட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெயிலுக்கு அஞ்சி சந்தில் ஒருவரும் இல்லை. சமையலறையில் செழியன் நின்றான். தோளில் அதே பை. மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு சாமந்தி இதழ் சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது.

“ரயில் என்னடா ஆச்சு?”

“ஏறலப்பா.”

“ஏன்?”

“ஏறத்தான் போனேன். என் சீட்டுல ஆதவன் உக்காந்துகினு இருந்தான்.”

ஆதவன் போளூர்ப் பையன், செழியனோடு ஒரே பிரிவில் இருந்தவன். போன கார்த்திகையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் இறந்துவிட்டான். போளூருக்குப் போய் நானே மாலை வைத்தேன். மலையிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் என் மகன்தான் என்று அங்கு வந்த அதிகாரி சொன்னபோது நிமிர்ந்து நின்றேன். செழியன் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ரெண்டு நாளு பிளாட்பாரத்துலயே இருந்தேம்பா. அடுத்த ரயில்லயும் அவந்தான் உக்காந்திருந்தான்.”

“வாய மூடு,” என்றேன்.

சரோஜா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து மொட்டை மாடி அறையைக் காட்டினேன்.

“நீ போயிட்ட. நான்தான் பஸ் ஏத்திவுட்டேன், சந்துக்கே தெரியும். மனசு தெளிஞ்சி நீ மறுபடியும் கெளம்பற வரைக்கும் கீழ உன் தல தெரியக் கூடாது.”

“சரிப்பா,” என்றான்.

அது பழைய சாமான் போடும் அறை. மேலே சிமென்ட் ஷீட். கத்திரி வெயில் தொடங்க நான்கு நாள்தான் இருந்தது. அங்கே ஒரு மனிதனை வைக்கலாமா என்று சரோஜா கேட்டாள். வேறு எங்கே வைப்பது என்று கேட்டேன்.

பட்டாளத்தில் அழைப்பை மீறி முப்பது நாள் வராதவனை ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். உள்ளூர் போலீசுக்குக் கடிதம் வரும். ஜீப் எங்கள் சந்துக்குள் வரும். எனக்கிருந்த பயம் அதுதான். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது அந்த நாள்களில் எனக்கு இரண்டாவதாகத்தான் இருந்தது.

அவனுடைய பிரிவிலிருந்து சுபேதார் ஒருவர் போன் செய்தார். இளஞ்செழியன் ஏன் வரவில்லை என்று இந்தியில் கேட்டார். கிளம்பிவிட்டான் சாகிப், வழியில் ரயில் தாமதம்போல என்று நானும் இந்தியில் சொன்னேன். பதினெட்டு வருஷ சர்வீசில் மேலே உள்ளவரிடம் நான் பொய் சொன்னதில்லை. போனை வைத்த பிறகு கை கழுவிக்கொண்டு வந்தேன்.

மாடியில் நடக்கும் சத்தம் அன்றுதான் முதலில் கேட்டது.

ஆறு அடி. நின்று திரும்பும். மறுபடி ஆறு அடி. அவசரம் இல்லாமல், அளந்து வைக்கும் அடி. காவலுக்கு நிற்பவன் நடை அது. எனக்குக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். டிவியின் ஒலியைக் கூட்டி வைத்தேன். செய்தி முடிந்தால் விவாதம், விவாதம் முடிந்தால் செய்தி, காலை முதல் படுக்கப் போகும்வரை ஓடவிட்டேன். மே ஏழாம் தேதி விடிந்தபோது சண்டை உண்மையிலேயே தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு டிவிக்காரர்கள் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலுக்கு அடியில் சைரனை ஓடவிட்டார்கள். இருட்டடித்த ஊர்கள், வானத்தில் சிவப்புக் கோடுகள், மறுபடி சைரன். சரோஜா அதன் முன்னால் உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள். ஒருமுறை வெடி ஓசை கேட்டதும் முறத்தைக் கவிழ்த்துவிட்டாள். குனிந்து ஒவ்வொரு மணியாக எடுத்தாள்.

சண்டை தொடங்கிய இரண்டாம் நாள் மதியம் செழியன் உள்படியின் திருப்பம் வரை இறங்கி வந்தான். காதுகளில் பஞ்சு வைத்திருந்தான்.

“டிவிய கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா. அந்த சைரன் மட்டும் இல்லாம இருந்தா…”

“கம்மி பண்ணா நீ நடக்கற சத்தம் வெளிய கேக்கும்.”

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். “நான் நடக்கலியேப்பா,” என்றான்.

நான் சரோஜாவைப் பார்த்தேன்.

“அவன் எங்கங்க நடக்கறான்? ட்ரங்குப் பொட்டிக்கும் சொவுத்துக்கும் நடுவுல முட்டிய கட்டிக்கினு உக்காந்துகினே இருக்கறான். சோத்த நான் கைல குடுத்தாதான் திங்கறான்.”

அவன் மேலே போனான். சைரன் நின்று விளம்பரம் வந்தது. தலைக்கு மேல் ஆறு அடி கேட்டது, திரும்பியது.

அந்த நடையை எனக்குத் தெரியும். அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். மேல்தளத்தில் இரண்டு நாள் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

மறுநாள் முற்பகல் சகாதேவன் வந்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவன். என்னோடு ஒரே வருஷம் சேர்ந்து ஒரே கப்பலில் போய்த் திரும்பியவன். இப்போது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குச் செயலாளர். வாசலிலிருந்தே அவன் குரல் கேட்டது.

“என்னடா ஹவில்தார், காது அவிஞ்சி போச்சா? உன் டிவி செங்கம் வரைக்கும் கேக்குது. அங்க குண்டு போட்டா இங்க எனக்கு ஜன்னி வருது.”

“செய்தி கேக்கறேன்.”

“கேளு, கேளு. தங்கச்சி, எங்கம்மா இருக்கற? வீரனப் பெத்தவளுக்கு சங்கத்துல சால்வ எடுத்தாந்திருக்கேன். வா, போத்திட்டு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

சரோஜா சமையலறை வாசலில் நின்றாள். “வேணாண்ணா. அவன் இன்னும் போயி சேந்தேன்னு சொல்லல. சேதி வரட்டும்.”

“சண்ட நடக்கற எடத்துல போன் ஏதும்மா? நாங்க சிலோன்ல இருந்தப்ப மூணு மாசம் லெட்டரு கெடையாது. உன் வூட்டுக்காரன் செத்துட்டான்னா நெனச்ச?”

“நெனச்சேன்,” என்றாள் சரோஜா.

சகாதேவன் சிரிக்க வாயெடுத்தான். அந்தச் சமயத்தில் கரண்ட் போனது.

டிவி அணைந்தது, மின்விசிறி நின்றது. அத்தனை நாள் கழித்து வீட்டில் அமைதி. மேலே எவர்சில்வர் டம்ளர் ஒன்று விழுந்து தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அந்தச் சின்ன வட்டம் போட்டு அடங்கும் ஓசை முடியும்வரை மூன்று பேரும் அசையவில்லை.

“யார்றா மேல?” என்றான் சகாதேவன்.

“வாடகைக்கு வுட்டிருக்கேன். வெள்ளக்காரரு. ஆசிரமத்துக்கு வந்தவரு.”

“அந்த ஷீட்டு ரூம்பையா? கத்திரியில வெந்துடுவானேடா.”

“மௌன விரதம்,” என்றேன். அது எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

சகாதேவன் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி கிடையாது. மலையைப் பார்த்து வந்தவர்கள் மாதக்கணக்கில் பேசாமல் அறைக்குள் இருப்பார்கள். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டு வருவார். முகம் தெரியாது, பெயர் தெரியாது.

“எந்த நாடு?” என்று கிசுகிசுத்தான்.

“ரஷ்யா.”

“பாவம். அங்கயும் சண்டதான்.” மேலே பார்த்துக் கும்பிட்டான். சால்வையை ஹாலில் தாத்தா, அப்பா படங்களுக்குக் கீழே நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியிறங்கினான்.

போகிற போக்கில் அருணாதேவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சாயங்காலம் அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள்.

“மேல இருக்கற சாமிக்குக் குடுங்கண்ணா. சொல்லவே இல்லியே நீங்க! என் பையன் நீட்டு எழுதியிருக்கான். அவுரு வாயத் தொறந்து வேண்டிக்க வேணாம், மனசுல ஒரு தபா நெனச்சா போதும்.”

“சொல்றேம்மா.”

“சொல்லாதீங்க. பேசனா விரதம் போயிடும். எழுதிக் காட்டுங்க.”

சரோஜா பழத்தை மேலே கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் செழியன் சிரிப்பது கேட்டது. வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. நீண்டுகொண்டே போய், எங்கோ ஓர் இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போனது. நான் டிவியின் ஒலியை இன்னும் கூட்டினேன்.

சரோஜா இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். நாற்பது வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசிய நாள்களை விரல் விட்டு எண்ணலாம்.

“நீங்க சிலோன்லருந்து வந்து எட்டு மாசம் இந்த வூட்ல குக்கர் வெக்கவுடல. விசில் அடிச்சா கட்டிலுக்கடியில போயிடுவீங்க. நான் யாருக்காச்சும் சொன்னனா? டைபாய்டுனு சொன்னேன். எங்க அம்மாவுக்குக் கூட டைபாய்டுனுதான் சொன்னேன். உங்க கௌரவத்த நான் பாத்துக்கினேன். அவனுக்கு யாரு பாக்கறது?”

“அது வேற.”

“இன்னா வேற? சொல்லுங்க.”

“நான் கூப்பிட்டப்ப போனேன். முடிச்சிட்டு வந்துதான் படுத்தேன்.”

“அவனும் தூக்க வேண்டியத தூக்கிட்டுதாங்க வந்திருக்கான்,” என்றாள்.

வெளியே போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

அடுத்த நாள் மாலை சண்டை நின்றது என்றார்கள். சந்தில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். நான் மேலே போனேன். ஷீட்டுக்குக் கீழே அடுப்பு வாயில் நிற்பதுபோல் இருந்தது. சரோஜா சொன்ன இடத்தில், சொன்னபடியே உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தரையில் புழுதி படிந்திருந்தது. அதில் சரோஜா வந்து போன கால்தடம் ஒற்றை வரிசையாகக் கதவிலிருந்து ட்ரங்குப் பெட்டி வரை இருந்தது. வேறு தடம் இல்லை.

“நின்னுடுச்சிடா. இனிமே போறதுக்கு இன்னா? இன்னும் முப்பது நாள் ஆவல. போயி உடம்பு சரியில்லன்னு சொல்லிச் சேந்துடு.”

“சரிப்பா. போறேன்.”

“எப்ப?”

“ஆதவன் சீட்ட வுட்டு எழுந்துட்டானான்னு பாத்துட்டுப் போறேன்.”

நான் இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு எங்கள் வாசலில்தான் சங்கத்தின் நீர்மோர்ப் பந்தல். கிரிவலம் வருகிறவர்கள் செங்கம் ரோட்டிலிருந்து திரும்பி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். சங்கத்துப் பெரியவர்கள் ஹாலில் உட்காருவார்கள். பத்து மணிக்கு சகாதேவன் மோர் கேன்களோடு வேனில் வருவான். வீடோ இரண்டு வாரமாகக் கழுவாமல் கிடந்தது. நடந்தால் கால் பதிந்தது.

“எழுந்து வீட்டக் கழுவு,” என்றேன்.

“மாட்டேன்,” என்றாள் சரோஜா. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “அவன் போயி சேரல.”

“மேலதான இருக்கறான்!”

“அப்ப போனான்னு சொல்லாதீங்க. போனான்னு சொன்னா கழுவக் கூடாது. இருக்கறான்னு வாசல்ல நின்னு ஒரு தபா சொல்லுங்க, இப்பவே எழுந்து கழுவறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“பத்து மணிக்கு நாலு பேரு வருவாங்கடி.”

“வரட்டும். புழுதியில உக்காரட்டும்.”

என் கோபம் எனக்குத் தெரியும், அது வரும்போது தடுக்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் இரண்டு வாளி பிடித்தேன். படங்கள் மாட்டிய சுவரிலிருந்து ஆரம்பித்து ஹால் முழுக்க ஊற்றித் தள்ளினேன். கறுப்புத் தண்ணீர் வாசற்படி தாண்டி ஓடியது. சரோஜா எழுந்திருக்கவில்லை. இன்னொரு வாளியை வீசினேன். பாதி அவள் முதுகிலும் தலையிலும் விழுந்தது. கொண்டை அவிழ்ந்து ஈரமுடி தோளில் தொங்கியது. துடைக்கக்கூட அவள் கை தூக்கவில்லை.

அருணாதேவி மோர் ஊற்றும் டம்ளர்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: சண்டைக்குப் போன பிள்ளையின் வீட்டை ஆம்பிளை தானே கழுவிவிடுகிறான். தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முடியை விரித்துப் போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

கூடை கீழே விழுந்தது.

“ஐயோ செழியா! என் கண்ணே! போயிட்டியாடா! நான்தானடா நெறகொடத்தோட எதுர வந்தேன்!”

ஓடிவந்து சரோஜாவைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பிறகு மற்ற கதவுகள். பெண்கள் ஓடிவந்து சரோஜாவைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். “சண்ட நின்ன பெறகு சேதி வருதே” என்று யாரோ சொன்னார்கள். மலை சுற்ற வந்த வெளியூர்க்காரர்கள் சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பட்டாளத்துப் பையன் என்று தெரிந்ததும் கைகூப்பினார்கள். “வீர வணக்கம்” என்று ஒரு குரல் எழுந்தது. பலர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சகாதேவனின் வேன் சந்துக்குள் நுழைந்தது. இறங்கியவன் கூட்டத்தைப் பார்த்தான், கழுவிய வீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண்ணில் நீர் வழிய, அந்தத் தொந்தியோடு விறைத்து நின்று எனக்கு சல்யூட் அடித்தான்.

பெண்களின் நடுவிலிருந்து சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை எனக்காக விட்டு வைத்திருந்தாள்.

நான் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றேன். எங்கள் வாசலில் அத்தனை பேர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“மேல இருந்த சாமி எறங்கறாரு,” என்று ஒரு பெண் சொன்னாள்.

வெளியே பக்கவாட்டுப் படியில் செழியன் இறங்கிக்கொண்டிருந்தான். லுங்கி, பனியன், தாடி, கண் கூசும் வெயில். கூட்டம் வழி விட்டது. அருகில் வந்ததும் முதலில் அடையாளம் கண்டவள் வீறிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அழுகை அறுந்தாற்போல் நின்றது. இரண்டு பேர் ஓடவே தொடங்கிவிட்டார்கள்.

அவன் அருணாதேவிக்கு எதிரே நின்றான்.

“நான் சாவலக்கா. போவவே இல்ல,” என்றான்.

அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். பிறகு கிள்ளினாள். அவன் முகம் சுளித்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

“அப்ப அந்தப் பழம்… நான் குடுத்தது உனக்கா?”

“ஆமாக்கா.”

“தின்னியாடா?”

“தின்னேன். எல்லாத்தையும்.”

அவள் மறுபடி அழுதாள். இப்போது சத்தம் இல்லாமல்.

“ரிடர்ன் டிக்கெட்டு போல,” என்று கூட்டத்தின் பின்னால் ஓர் இளவட்டம் சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

“எவண்டா அவன்? முன்னால வாடா,” என்றான் சகாதேவன். யாரும் வரவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“ரஷ்யாவாடா பலராமா?” என்று மட்டும் கேட்டான்.

பிறகு நாற்காலியிலிருந்த சால்வையை ஓரமாக எறிந்துவிட்டு அதில் செழியனை உட்கார வைத்தான். வேனிலிருந்து ஒரு டம்ளர் மோர் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தான். டம்ளர் சாய்ந்து மோர் சிந்தியது. சகாதேவன் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக் குடிக்க வைத்தான்.

“போன் போடு,” என்றான் என்னிடம்.

அத்தனை பேர் முன்னாலும் போட்டேன். என் மகன் வீட்டில் இருக்கிறான், ரயிலேறவே இல்லை, அவன் நலமாக இல்லை, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சுபேதாரிடம் சொன்னேன். நாளையே சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள், நாங்கள் ஆள் அனுப்புவதற்கு முன்னால் நீங்களே வருவது அவனுக்கு நல்லது என்றார் அவர். தண்டனை உண்டா என்று கேட்டேன். அது என் கையில் இல்லை ஐயா என்றார்.

மறுநாள் காலை கிரிவலக் கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சிறப்புப் பேருந்து ஒன்றில் எனக்கும் செழியனுக்கும் இடம் கிடைத்தது. சரோஜா வழியனுப்ப வந்தாள். எங்கள் சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை, அருணாதேவியின் கதவைத் தவிர. அவள் குடத்தோடு வரவில்லை. வெறுங்கையோடு வந்து, போய் வா என்றாள்.

செழியன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். இருக்கையில் உட்காரும் முன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். நான் கவனிக்காததுபோல் இருந்தேன். பஸ் செஞ்சியைத் தாண்டியது.

“அப்பா,” என்றான்.

“சொல்லு.”

“அருணாக்கா கத்தனதுமே நான் எழுந்து படியாண்ட வந்துட்டேன். அங்கயேதான் நின்னுகினு இருந்தேன். நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்.”

நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“சகாதேவன் மாமா சல்யூட் அடிச்சாரில்ல, அப்ப நீங்க மடிச்சிக் கட்டியிருந்த வேட்டிய எறக்கிவுட்டீங்க. நேரா நின்னு திருப்பி அடிச்சீங்க. அதுக்கப்பறந்தான் நான் எறங்கனேன்.”

குரலில் கோபம் இல்லை. ரோந்து முடித்து வந்தவன் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுபோல் சொன்னான். அவன் சொன்னது உண்மை. அந்த இடத்தை மேலே நான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

“ஆமாண்டா. அடிச்சேன்,” என்றேன்.

அவன் தலையசைத்தான்.

“நல்லா இருந்திச்சிப்பா சல்யூட்டு,” என்றான். “நல்ல வெறப்பா.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திண்டிவனம் வரும்வரை அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.